முதலில் தண்ணீர், அப்புறம் மீன்: வீட்டுத் தொட்டிக்கு ஒத்துப்போகும் மீன்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் 2 அடித் தொட்டி வைத்த புதிதில், பத்து நியோன் டெட்ராவுடன் ஒரு பச்சைப் புள்ளி பஃபர் மீனையும் சேர்த்து விட்டேன். கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் தொட்டிகளில், ஒரே மாதிரித் தண்ணீரில்தான் இருந்தன. சில நாளிலேயே டெட்ராக்களின் வால்கள் கிழிந்தன. பிறகு எண்ணிக்கையும் குறைந்தது. பஃபரும் நன்னீரில் மெலிந்துகொண்டே போய் இறந்தது. அது உவர்நீர் மீன், அதாவது ஆற்று நீரும் கடல் நீரும் கலந்த இடத்து மீன் என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் அப்படி நடக்கக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: உங்கள் தண்ணீரைத் தெரிந்துகொள்ளுங்கள்

பினாங்கின் குழாய்த் தண்ணீரில் பெரும்பகுதி மூடா ஆற்றிலிருந்து வருகிறது. பொதுவாகக் கடினத்தன்மை, அதாவது கரைந்த தாதுக்கள், குறைந்த மென்னீர். இருந்தாலும் ஒரு சோதனைக் குச்சி வாங்கி நீங்களே பார்த்துவிடுங்கள். தண்ணீர் மாற்றும்போதெல்லாம், குளோரினை நீக்கும் ஆன்டி குளோரின் மருந்தைக் கலக்க வேண்டும்.

நம் ஊர் வெப்பத்தையும் மறக்காதீர்கள். ஹீட்டர் இல்லாமலே தொட்டி 28 முதல் 30 டிகிரி வரை இருக்கும். தங்கமீனுக்கு இது அதிகம். குளிர்ந்த நீர் கேட்கும் மீன் அது. தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். அதனால் ஏர் பம்ப்பை இரவிலும் நிறுத்த வேண்டாம்.

படி 2: மீனைத் தண்ணீரோடு பொருத்துங்கள்

மென்னீருக்கு நான் முதலில் சொல்வது ஹார்லெக்வின் ரஸ்போரா. உடம்பில் கறுப்பு முக்கோணம் உள்ள, மலேசியக் காட்டு ஓடைகளிலேயே வாழும் மீன். நியோன் டெட்ரா, கூலி லோச், பெட்டா ஆகியவையும் மென்னீர் மீன்கள்தான். மோலி அப்படி இல்லை. அதற்குக் கடின நீர் வேண்டும், உப்பும் பிடிக்கும். மென்னீரில் இருந்தால் ஒரே இடத்தில் நின்று உடம்பை ஆட்டிக்கொண்டே இருக்கும். பார்ப்பவர்கள் விளையாடுகிறது என்று நினைப்பார்கள், உண்மையில் அது துன்பப்படுகிறது. மோலியையும் நியோனையும் ஒரே தொட்டியில் விட்டால் இரண்டில் ஒன்று கஷ்டப்படத்தான் செய்யும்.

படி 3: வாயைப் பாருங்கள், வளர்ச்சியைக் கேளுங்கள்

வாய்க்குள் அடங்குவது எதுவும் இரைதான். காசு அளவில் வாங்கும் ஏஞ்சல் மீன் 15 செ.மீ. வரை வளரும், வளர்ந்த பிறகு நியோனை விழுங்கிவிடும். ஆஸ்கார் 30 செ.மீ. தாண்டும். பாசி தின்னட்டும் என்று எல்லோரும் வாங்கும் இக்கான் பண்டாராயாவும் (பிளெக்கோ) அதே அளவுக்கு வளரும், 2 அடித் தொட்டியில் பிறகு அதனால் திரும்பக்கூட முடியாது. அதைக் கொண்டுபோய் ஆற்றிலோ கால்வாயிலோ விட்டுவிடாதீர்கள். தென் அமெரிக்க மீனான அது நம் ஆறுகளில் ஏற்கனவே பெருகி நாட்டு மீன்களுக்கு இடைஞ்சலாகிவிட்டது.

படி 4: குணம்

டைகர் பார்ப் நீளத் துடுப்புகளைக் கடிக்கும். எட்டுக்குக் குறையாமல் கூட்டமாக வைத்தால் சண்டையைத் தங்களுக்குள்ளேயே முடித்துக்கொள்ளும். அப்போதும் ஏஞ்சலோடும் கப்பியோடும் சேர்க்க வேண்டாம். ஆண் பெட்டா, ஒரு தொட்டிக்கு ஒன்றுதான். ரஸ்போரா, டெட்ரா போன்றவை தனியாக இருந்தால் பயந்து ஒளியும், குறைந்தது ஆறு மீன்கள் சேர்ந்து இருக்க வேண்டும்.

படி 5: உவர்நீர்த் தொட்டி

பாக்காவ் (சதுப்புநில) காடுகள் நிற்கும் கழிமுகங்களில் ஆறும் கடலும் கலக்கின்றன. கடல் ஏற்றத்தில் உப்பு கூடும், இறக்கத்தில் குறையும். அங்கே வாழும் மீன்கள் இந்த மாற்றத்தைத் தாங்கும். தாங்குகிறதே என்று கடைகளில் நன்னீரில் வைத்து விற்கிறார்கள். சில மாதம் ஓட்டிவிடும், நிம்மதியாக வாழாது.

சமையல் உப்பு உதவாது. கடல்மீன் தொட்டிக்கு விற்கும் உப்புதான் வேண்டும், கடல் நீரில் உள்ள மற்ற தாதுக்களும் அதில்தான் இருக்கும். லிட்டருக்கு 7 அல்லது 8 கிராம் வாளியில் கரைத்து, உப்பின் அளவைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் ஒப்படர்த்தி (சாதாரண நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.005 காட்டுகிறதா என்று பாருங்கள். கடல் நீர் 1.025 அளவில் இருக்கும். மீன் உள்ள தொட்டியில் ஒரே நாளில் உப்பைக் கூட்டாதீர்கள்; வாரத்துக்கு 0.002க்கு மேல் வேண்டாம். மீனுக்கு மட்டுமல்ல, கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாவுக்கும் பழக நேரம் வேண்டும்.

சின்னத் தொட்டிக்கு பம்பிள்பீ கோபி எனக்கு மிகவும் பிடித்தது. மஞ்சளும் கறுப்புமாக 4 செ.மீ.தான் இருக்கும். காய்ந்த தீவனத்தைப் பெரும்பாலும் தொடாது, உறைந்த அல்லது உயிருள்ள சிறு இரை கொடுக்க வேண்டும். எட்டு வடிவக் கோடுள்ள ஃபிகர் எய்ட் பஃபர் 8 செ.மீ. ஆகும், அதைத் தனியாகவே வையுங்கள். பஃபரின் பற்கள் வளர்ந்துகொண்டே இருப்பதால் ஓடுள்ள நத்தைகளைக் கடிக்கக் கொடுக்க வேண்டும். மலாய்க்காரர்கள் சும்பிட் (ஆர்ச்சர் மீன்), கித்தாங் (ஸ்கேட் மீன்) என்று சொல்லும் இரண்டு வகை மீன்கள் கடையில் குட்டியாக அழகாக இருக்கும், ஆனால் பெரிதாக வளர்ந்து மிகப் பெரிய தொட்டி கேட்கும். ஆரம்பத்தில் வேண்டாம்.

படி 6: மீன் விடுவது

எந்தத் தொட்டியாக இருந்தாலும் 4 முதல் 6 வாரம் வடிகட்டியை ஓட்டி, கழிவிலிருந்து உண்டாகி மீனுக்கு நஞ்சாகும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் ஆகும் வரை காத்திருங்கள். பாக்டீரியாவுக்கு இரையாகத் தினமும் துளி தீவனம் போட்டு வாருங்கள்.

54 லிட்டர் பிடிக்கும் 2 அடித் தொட்டி என்றால், நன்னீருக்கு எட்டு ஹார்லெக்வின், ஆறு கூலி லோச் போதும். உவர்நீர் என்றால் ஆறு பம்பிள்பீ கோபி, வேறு எதுவும் வேண்டாம். கோபி வாங்கும்போது கடையில் தண்ணீரில் உப்பு இருந்ததா என்று கேளுங்கள். இல்லை என்றால் உங்கள் தொட்டியையும் உப்பில்லாமலே தொடங்கி, வாரவாரம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பையை 15 நிமிடம் மிதக்கவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு கோப்பை தொட்டித் தண்ணீரைப் பைக்குள் ஊற்றுங்கள். நாலைந்து கோப்பை ஆனதும் மீனை வலையால் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீரைத் தொட்டியில் கொட்ட வேண்டாம்.