லண்டன் வாடகை ஹாலில் ஒரு ஆல்பனா மூலை

நான் மதுரைக்காரி. வாழ்க்கைப்பட்டது கொல்கத்தா வீட்டில், குடியிருப்பது லண்டனில். துர்கா பூஜைக் கமிட்டியில் என் தலையில் விழுந்தது கைவினை மூலை. முதல் வருஷம் பாங்குரா மண் குதிரை, டோக்ரா என்கிற உலோக வார்ப்புப் பொம்மை எல்லாம் மேசையில் அடுக்கிப் பெயர்ச்சீட்டு ஒட்டிவைத்தேன். பிள்ளைகள் ஒரு பார்வை பார்த்துவிட்டு லூச்சி (வங்காளத்துப் பூரி) வரிசைக்கு ஓடிவிட்டார்கள். அதன்பிறகு மேசையை ஓரங்கட்டிவிட்டு, அவர்கள் கைக்கு வேலை கொடுக்க ஆரம்பித்தேன்.

வங்காளிகளின் அரிசிமாவுக் கோலமான ஆல்பனாவில் தொடங்குங்கள். பச்சரிசியை ஊறவைத்து மைய அரைத்து மோர் பதத்தில் கரையுங்கள். சின்னத் துணியை அதில் நனைத்து உள்ளங்கையில் பிடித்துப் பிழிந்தால், மோதிர விரல் வழியாக மாவு இறங்கும். நம் இழைக்கோலத்துக்கு உள்ள அதே பிடி. புள்ளி மட்டும் கிடையாது. கொடி, தாமரை, நெற்கதிர் எல்லாம் கை போகிற போக்கில் வளரும். ஹாலின் மரத்தரையில் போட விடமாட்டார்கள். கறுப்பு சார்ட் தாளைத் தரையில் ஒட்டிக்கொள்ளுங்கள். இந்த ஊர்க் குளிரில் சீக்கிரம் காயாது, காலையிலேயே போட்டுவிட வேண்டும். பொடிசுகளுக்கு லட்சுமி பாதம்: கையை மூடி, பக்கவாட்டில் மாவில் தோய்த்துப் பதித்து, விரல் நுனியால் ஐந்து பொட்டு. பூஜை முடிந்து வரும் பௌர்ணமியில், கோஜாகரி லட்சுமி பூஜைக்கு, அதையே தங்கள் வீட்டு வாசலில் போட்டுக்கொள்வார்கள்.

பூஜைக்கு வராத, பங்களாதேஷின் சில்ஹெட் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களிடமும் இதே கிண்ணத்தோடு போகலாம். 1952-இல் வங்க மொழிக்காக உயிர்விட்டவர்களின் நினைவாக, பிப்ரவரி 21-க்கு டாக்காவின் ஷஹீத் மினார் என்கிற நினைவுச்சின்னத்தைச் சுற்றி ஆல்பனா போடுவார்கள். கிழக்கு லண்டனில் அல்தாப் அலி பூங்காவிலும் அந்த மினாரின் சின்ன வடிவம் நிற்கிறது. அன்றைக்குப் பாதம் வேண்டாம், பூவும் கொடியும் போதும். வங்காளப் புத்தாண்டு பங்களாதேஷில் ஏப்ரல் 14, மேற்கு வங்கத்தில் பெரும்பாலும் 15. எது சரி என்று வாதாடாமல் பக்கத்துச் சனிக்கிழமையைப் பிடியுங்கள்.

அடுத்தது காந்தா தையல், பழந்துணியை அடுக்கித் தைக்கும் வங்காள வேலை. இதில் நான் வாங்கிய குட்டு ஒன்று உண்டு. கடையிலிருந்து புதுத் துணி வாங்கிப் போனேன். ஒரு மாஷி (சித்தி மாதிரி பெரியவர்) அதைத் தடவிப் பார்த்து, "இது காந்தா இல்லை, அட்டை" என்றார். துவைத்துத் துவைத்து நைந்த பருத்திச் சேலைதான் வேண்டும். இரண்டு மூன்று மடிப்பில் ஊசி வழுக்கிக்கொண்டு போகும். அந்தக் காலத்தில் கலர் நூலைக்கூடப் பழைய சேலைக் கரையிலிருந்துதான் உருவினார்கள். ஆளுக்குக் கைக்குட்டை அளவு, வெறும் ஓட்டுத்தையல், ஒரு மீன். பையன்களையும் உட்காரவையுங்கள். என் மகன் தைத்த மீனுக்கு மூன்று கண்.

கதை சொல்லும் படச்சுருள் வேண்டுமானால், மேற்கு வங்கத்தின் மேற்கு மேதினிபூரில் பிங்லா பக்கம் நயா கிராமத்துப் பட்டுவாக்களிடமே, அதாவது சுருள் வரையும் ஓவியர்களிடமே, விலைக்கு வாங்குங்கள். சுவரில் மாட்டினால் பாதி வீண். சுருளை அவிழ்த்துக்கொண்டே பாடுவது அவர்கள் வழக்கம். நாங்கள் வீடியோ அழைப்பில் பாடவைத்தோம், அதற்குத் தனியாகப் பணம் கொடுத்தோம்.

துனுச்சி ஆட்டத்துக்கு (புகையும் தூபச் சட்டியை ஏந்தி ஆடுவது) முன்னால் ஹால்காரரிடம் புகை அலாரம் பற்றிக் கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்கவில்லை. அஷ்டமி மாலை முழுக் கூட்டமும் மழையில் கார் நிறுத்தத்தில் நின்றது.

தைத்த சதுரங்களை அன்றே கொடுத்தனுப்பாதீர்கள். மூலையில் வங்க எழுத்தில் பெயரைத் தைக்கச் சொல்லி வாங்கிவையுங்கள். எங்களிடம் நாற்பது சேர்ந்ததும் இணைத்து ஒரே விரிப்பாக்கினோம். இப்போது வருகிற பிள்ளைகள் முதலில் அதில் தங்கள் மீனைத்தான் தேடுகிறார்கள்.