பளபளப்புக்கு அடியில் இருந்த கீறல்

நான் பல்செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறேன். ஒரு பாட்டியின் கீழ்ப் பல்செட் மூன்றே மாதத்தில் திரும்பி வந்தது. "நாக்கு அந்த இடத்துக்கே போகுதுப்பா" என்றாராம். கிருமிநாசினியில் ஊறவைத்து எடுத்து, விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்தேன். மேலே நல்ல பளபளப்பு. அதற்கு அடியில், நாக்குப் பக்கம், தலைமுடி போல வரிவரியாகக் கீறல். ஒவ்வொன்றிலும் வெற்றிலைக் கறை.

தப்பு என்னுடையதுதான். அவசரத்தில் பர் (செட்டைச் சீவும் சுழல்முனை) போட்டதும் நேரே பியூமிஸுக்கு (மெருகேற்றும் எரிமலைக்கல் தூள்) போயிருந்தேன். பர் போட்ட ஆழமான கோட்டைப் பியூமிஸ் அழிக்காது, மெழுகிவிடும், அவ்வளவுதான். சொரசொரப்பு சுமார் 0.2 மைக்ரானைத் தாண்டினால் கிருமி ஒட்டுவது கூடும் என்பார்கள். இதுவோ நகத்திலேயே தட்டுப்பட்டது.

சரி, முதலிலிருந்து ஆரம்பித்தேன். 220, 400, 600 என்று சொரசொரப்பிலிருந்து நைசுக்குப் போகும்படி உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். ஒவ்வொரு தாளுக்கும் திசையை மாற்றினால் பழைய கோடு மிச்சமிருப்பது உடனே தெரியும். இடையிடையே கழுவ வேண்டும். முந்தைய தாளின் ஒரு மணல் தங்கினாலும் புதுக்கீறல்தான். அப்புறம் குழைத்த பியூமிஸ், ஈரத் துணிச் சக்கரம், குறைந்த வேகம். ஒரே இடத்தில் அழுத்தினால் செட்டின் அக்ரிலிக் பிளாஸ்டிக் சூடேறி வளைந்துவிடும். கடைசியாகத் தனிச் சக்கரத்தில் பாலிஷ்.

ஈறில் உட்காரும் பக்கத்தைத் தொடவில்லை. அங்கே தேய்த்தால் பிடிப்புப் போய்விடும்.

அடுத்த வாரம் டாக்டர் போன் செய்தார். பாட்டி செட்டைக் கழற்றவே இல்லையாம். ராத்திரி கழற்றித் தண்ணீரில் போடச் சொல்லுங்கள் என்றேன்.