கைக்குப் பழகும் பல்லி எது, கடிக்கும் பல்லி எது?

முதல்முறை பல்லி வளர்ப்பவருக்கு பியர்டட் டிராகன் என்ற இனம்தான் சரி. பகலில் விழித்திருக்கும், கையில் ஏற்றினால் சும்மா உட்கார்ந்திருக்கும். தாடி (தொண்டைக்கடியில் உள்ள முள்தோல்) கறுத்து உப்பினால் மட்டும் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

லெப்பர்ட் கெக்கோவும் சாதுதான், ஆனால் அந்தி சாய்ந்த பிறகே நடமாட்டம். வாலை உயர்த்தி மெதுவாக ஆட்டினால் பயந்திருக்கிறது என்று பொருள். வாலைப் பிடித்தால் கழற்றிவிடும், மறுபடி முளைக்கும். கிரெஸ்டட் கெக்கோவுக்கு முளைக்காது. அது கையிலிருந்து திடீரென்று தாவவும் செய்யும், எனவே தரையில் உட்கார்ந்தே எடுங்கள்.

நீலநாக்கு ஸ்கிங்க் (அரணை வகை) சீறி நாக்கை நீட்டுவது பெரும்பாலும் வெறும் பாவ்லா. டோக்கே கெக்கோ அப்படியல்ல, கவ்வினால் லேசில் விடாது. கண்ணால் ரசிப்பதோடு சரி. பச்சை இகுவானா குட்டியின் அழகில் மயங்க வேண்டாம்: 1.5 மீட்டருக்கு வளரும், ஆண் இணைசேரும் பருவத்தில் வளர்த்தவரையே கடிக்கும், வாலால் விளாசும்.

எதுவானாலும் முதல் 2 வாரம் தொடாதீர்கள். பிறகு தினம் 5 நிமிடம், பக்கவாட்டிலிருந்து வயிற்றுக்கடியில் கை கொடுங்கள்; மேலிருந்து வரும் கை அதற்குப் பருந்துதான். தோல் உரிக்கும் நாட்களில் எல்லாமே சிடுசிடுக்கும், தொந்தரவு செய்யாதீர்கள்.