கம்பளி இல்லாத செம்மறியை வெள்ளாடாக எண்ணி வளர்க்காதீர்கள்

ஜெர்மனியில் வேலை பார்க்கும் உறவுக்காரப் பையன், அங்கே ஓர் உயிரியல் பூங்காவில் எடுத்த படத்தை அனுப்பியிருந்தான். செம்பழுப்பு உடலும் கறுத்த வயிறும் கழுத்தில் பிடரி மயிரும் கொண்ட அந்தக் கிடாவை, வேலூரில் எங்கள் வீட்டார் அனைவரும் வெள்ளாடு என்றே சொன்னார்கள். அது மேற்கு ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட கேமரூன் செம்மறி. கம்பளி இருந்தால்தான் செம்மறி என்பது தவறான எண்ணம். வடதமிழகத்தின் சென்னைச் சிவப்பு இனத்துக்கும் கம்பளி கிடையாது. ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் மேற்காசியாவில் மனிதர் பழக்கிய செம்மறிக்கும் மயிரே மேலாக இருந்தது. அடர்ந்த கம்பளி பிற்கால வளர்ப்பில் வந்தது.

ஆகவே மயிரை விட்டுவிட்டு வாலைப் பாருங்கள். வெள்ளாட்டின் வால் நிமிர்ந்திருக்கும், செம்மறியின் வால் தொங்கும். கே.வி.குப்பம் சந்தையில் ஆடு பிடிக்கும்போது முகத்தையும் அருகில் வைத்துப் பார்க்கலாம்: செம்மறிக்குக் கண்ணின் உள்மூலையை ஒட்டிக் கீழே ஒரு சிறு பள்ளம் இருக்கும், அதிலுள்ள சுரப்பியின் பிசுக்கு விரலில் ஒட்டும். வெள்ளாட்டுக்கு அது இல்லை.

இரண்டையும் ஒரே பட்டியில் கட்டி, வெள்ளாட்டுக்கு வாங்கிய தாது உப்புக் கலவையையே செம்மறிக்கும் வைப்பதுதான் நான் மிகவும் அஞ்சும் தவறு. வெள்ளாடு தாங்கும் அளவு தாமிரத்தைச் செம்மறி தாங்காது. அது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஈரலில் சேர்ந்துகொண்டே போகும். அதுவரை ஆடு நன்றாகத்தான் மேயும். பிறகு ஒரு நாள் வண்டிப் பயணமோ பட்டினியோ நேர்ந்தால், சேர்ந்த தாமிரம் இரத்தத்தில் இறங்கிச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். கண் மஞ்சளாகி, சிறுநீர் கருஞ்சிவப்பாகும் நேரத்தில் பெரும்பாலும் காப்பாற்ற முடியாது. கோழித்தீவனத்திலும் தாமிரம் கூடுதலாக இருக்கலாம் என்பதால் மிச்சத் தீவனத்தையும் கொட்டாதீர்கள். செம்மறிக்கென்று தயாரித்த கலவையைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

கல்யாண வீட்டில் மீந்த சோற்றை அன்போடு கூடை நிறைய வைப்பதும் ஆட்டைக் கொல்லும். பழகாத மாவுப்பொருள் திடீரென்று இரைப்பையில் சேர்ந்தால் புளித்து அமிலமாகும். வயிறு உப்பி, அசைபோடுவது நின்று, ஆடு படுத்துவிடும். உயிரியல் பூங்காக்களில் பார்வையாளர்கள் தீனி போடக் கூடாது என்று தடுப்பதற்கு இதுவும் காரணம். வேலிக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்குத் தான் நீட்டிய ஒரு பிரெட் துண்டு மட்டுமே தெரியும், அன்றைக்கு அந்த ஆடு எத்தனை பேர் கையில் தின்றது என்பது தெரியாது.

குளிர்நாட்டில் கேமரூன் செம்மறிக்குக் குளிர்காலத்தில் அடிமயிர் முளைத்து, வசந்தத்தில் கொத்துக்கொத்தாக உதிரும். அதைச் சொறி என்று எண்ணி மருந்து பூச வேண்டியதில்லை. நம் ஊரில் மயிர் திட்டுத்திட்டாக உதிர்ந்து ஆடு சுவரில் உரசினால், அப்போது மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும்.

நேர்த்திக்கடனுக்கென்று வாங்கிய ஒற்றைக் கிடாவை வாசலில் தனியே கட்டிவைக்காதீர்கள். செம்மறி மந்தையில் வாழும் பிராணி. தனியே நின்றால் கத்திக்கொண்டே இருக்கும், தீனியும் சரியாக எடுக்காது. பக்கத்தில் இன்னொரு செம்மறியைக் கட்டினால் அமைதியாக அசைபோடத் தொடங்கும்.