ஈரல் டானிக் வாங்கும் முன்: பன்றிப் பண்ணையில் நாம் செய்யும் தவறுகள்

மலேசியாவில், பினாங்கின் தென் செபராங் பிறையில், வால்டோர் பக்கம் ஒரு பன்றிப் பண்ணை. சிமெண்டுத் தரையில் அறுத்து வைத்த ஈரலைச் சுற்றி மூன்று பேர் குந்தியிருந்தோம்: பண்ணை முதலாளி தவுக்கே, வேலையாட்களைக் கவனிக்கும் மண்டோர் அண்ணன், நான். ஈரல் முழுக்கப் பால் தெளித்துக் காய்ந்த மாதிரி வெள்ளைத் திட்டுகள். வெட்டுக்கூடத்தில் அந்த வாரம் நிறைய ஈரல்களை ஒதுக்கிவிட்டார்கள் என்று தவுக்கேக்குக் கடுப்பு. மண்டோர் அண்ணன் என்னைப் பார்த்து, "தம்பி, போன தடவை கொண்டாந்தியே ஈரல் டானிக், அதுல ரெண்டு டின் போடச் சொல்றாரு" என்றார்.

அப்போது நான் தீவன மருந்து விற்றுக்கொண்டிருந்தேன். மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்குக் கமிஷன் வந்தது. திட்டுகள் அப்படியேதான் இருந்தன.

பன்றியின் குடலில் வாழும் உருண்டைப் புழுதான் அந்தத் திட்டுகளுக்குக் காரணம். தரையில் கிடக்கும் முட்டையைப் பன்றி விழுங்குகிறது. குடலில் பொரிக்கும் புழுக்குஞ்சு குடலைத் துளைத்து, ஈரலுக்குள் புகுந்து, அங்கிருந்து நுரையீரலுக்குப் போகிறது. அது ஈரலைக் கடந்துபோன தடத்தில் விழும் தழும்புதான் அந்த வெள்ளை. புதிதாக முட்டை உள்ளே போகாவிட்டால் சில வாரங்களில் தழும்பு தானே மங்கிவிடும். அப்படியானால் வெட்டும் நாளில் திட்டு தெரிகிறது என்றால், கடைசி ஒன்றிரண்டு மாதத்தில், அதாவது கொழுக்க வைக்கும் கொட்டகையில்தான், பன்றிகள் முட்டையை விழுங்கிக்கொண்டிருந்தன என்று அர்த்தம். இதற்குச் செய்ய வேண்டியவை வேறு. தாய்ப்பன்றியை ஈனும் அறைக்கு ஏற்றுமுன் புழு மருந்து கொடுத்து, உடம்பைக் கழுவிவிட வேண்டும். வளரும் பன்றிகளுக்கும் முறை தவறாமல் கொடுக்க வேண்டும். விழுங்கிய முட்டை முற்றிய புழுவாகித் தானும் முட்டையிட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். மருந்து கொடுக்கும் இடைவெளியை அந்தக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். முட்டையின் ஓடு பசை போல ஒட்டும், மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும், சாதாரணக் கிருமிநாசினிக்கு மசியாது. சாணியைச் சுரண்டி எடுத்து, கொதிநீரோ நீராவியோ அடித்து, தரையை நன்றாகக் காயவிட வேண்டும். டானிக் டின்னுக்கு இதில் வேலையே இல்லை.

நான் பார்த்த வரையில் ஈரல் கெடுவது பெரும்பாலும் சத்துக் குறைவால் அல்ல. ஏற்கெனவே போட்டதன் மேல் இன்னொன்றைக் கொட்டுவதால்தான். ஆலையிலிருந்து வரும் முழுத்தீவனத்தில் பிரிமிக்ஸ், அதாவது விட்டமினும் தாதுக்களும் சேர்ந்த கலவை, கலந்தே வரும். அதைக் கவனிக்காமல் கொட்டகையில் மறுபடி ஒரு பிரிமிக்ஸ், தண்ணீர்த் தொட்டியில் ஒரு விட்டமின், அப்புறம் என்னைப் போல ஒருவன் வந்து தலையில் கட்டிவிட்டுப் போகும் 'ஈரல் சத்து'. மூன்று பைகளின் லேபிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரே செலினியம் மூன்று இடத்தில் இருக்கும்.

செலினியத்தை வைத்து விளையாடக் கூடாது. பன்றிக்குத் தேவை ஒரு கிலோ தீவனத்துக்கு 0.15 முதல் 0.3 மில்லிகிராம் வரைதான். 5 மில்லிகிராமைத் தாண்டினால் விஷம்: முடி கொட்டும், குளம்பு தோலோடு சேரும் இடத்தில் பிளக்கும், இன்னும் ஏறினால் தண்டுவடம் பாதித்துக் கால் விழுந்துவிடும். 0.3 போடும் பண்ணையில் மருந்துக்கும் விஷத்துக்கும் இடையில் இருபது மடங்குகூட இல்லை. மைலோ டின்னால் அள்ளிப் போடும் பண்ணையில் ஒரு மூலைக்கு இருபது மடங்கு போய்ச் சேருவது பெரிய காரியமல்ல. டன்னுக்கு ஒரு கிலோ என்று போட்டிருந்தால், தராசில் நிறுத்து, முதலில் இருபது கிலோ சோளமாவில் கலந்து, பிறகுதான் தீவனம் கலக்கும் மிக்சரில் கொட்ட வேண்டும்.

விட்டமின் ஏ-யும் இதே ரகம். தேவைக்கு மிஞ்சியது ஈரலில் சேர்ந்துகொண்டே போகும். வளரும் பன்றிக்குக் கிலோ தீவனத்துக்கு இரண்டாயிரம் யூனிட்டுக்குள் போதும். தண்ணீரில் கொடுக்கும் விட்டமினை ஐந்து நாள் போட்டு நிறுத்தச் சொன்னால், "நல்லதுதானே" என்று மாதம் முழுக்க ஊற்றுவார்கள். அந்த ஈரல்தான் காலையில் யாரோ ஒருவரின் கஞ்சிக்கிண்ணத்துக்குப் போகிறது. பிரிட்டனில் கர்ப்பிணிகளை ஈரல் சாப்பிட வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணமே இந்த விட்டமின்தான்.

தாமிரம் பற்றி நம்மாட்கள் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். பால் மறக்கடித்த குட்டிகள் நன்றாக வளர, கிலோவுக்கு 150 முதல் 250 மில்லிகிராம் வரை தாமிரம் போடும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. ஐரோப்பாவில் இப்போது அந்த அளவை இறக்கிவிட்டார்கள். துத்தநாகமும் இரும்பும் சரியாக இருந்தால் பன்றி இதைத் தாங்கும். செம்மறி தாங்காது. மிஞ்சிய பன்றித் தீவனத்தைக் கோணியில் கட்டி, வீட்டில் வளர்க்கும் செம்மறிக்குப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வாரக்கணக்கில் ஒன்றும் தெரியாது. தாமிரம் ஈரலில் சத்தமில்லாமல் சேரும். ஒருநாள் மொத்தமாக இரத்தத்தில் இறங்கும். கண் மஞ்சளிக்கும், சிறுநீர் கோப்பிக் கலரில் போகும், ஓரிரு நாளில் ஆடு செத்துவிடும். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொள்வார்கள்.

சரி, சத்துக் குறைந்து ஈரல் கெடுவதே இல்லையா? உண்டு. அதிலும் தவறு நம்முடையதுதான். நன்றாகக் கொழுத்து ஓடிக்கொண்டிருந்த குட்டி திடீரென்று விழுந்து சாகும். அறுத்துப் பார்த்தால் ஈரல் சிவப்பும் மஞ்சளுமாகப் புள்ளி விட்டு, இரத்தம் கசிந்து கிடக்கும். சிலதில் இதயமும் மல்பெரிப் பழம் மாதிரி கன்றிப்போயிருக்கும். விட்டமின் ஈ-யும் செலினியமும் போதாத அறிகுறி இது. லேபிளில் விட்டமின் ஈ இருக்கத்தான் செய்யும். ஆனால் காறல் அடித்த எண்ணெய் அதைத் தின்றுவிடும். ஆலையிலிருந்து வந்த தவிட்டைப் பத்து நாள் கட்டி வைத்தால் இந்த வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் காறிப்போகும். மூக்கில் வைத்துப் பார்த்தாலே தெரியும். மலிவாகக் கிடைத்த பழைய எண்ணெயை ஊற்றிவிட்டு, விலையுயர்ந்த விட்டமினை மேலே தூவுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

பிறந்த குட்டிக்கு முதல் சில நாளுக்குள் போடும் 200 மில்லிகிராம் இரும்பு ஊசியும் இங்கேதான் வந்து இடிக்கும். தாய்க்கு விட்டமின் ஈ குறைவாக இருந்தால், ஊசி போட்ட சில மணி நேரத்தில் குட்டிகள் வரிசையாகச் சாகலாம். மருந்து கெட்டது என்று கம்பெனியைத் திட்டுவார்கள். ஊசியை நிறுத்துவதும் தீர்வல்ல, ஏனென்றால் தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. தாயின் தீவனத்தைத்தான் சரிசெய்ய வேண்டும்.

இனி பூஞ்சணம். மலேசியாவில் தீவனச் சோளம் ஏறக்குறைய முழுக்க இறக்குமதி. அர்ஜென்டினா, பிரேசில் என்று கடல் கடந்து வருகிறது. வரும்போதே நச்சு இருக்கலாம், இங்கே ஈரத்தில் இன்னும் கூடலாம். பூஞ்சண நச்சுகளில் ஒன்றான அஃப்லாடாக்சின் நேராக ஈரலைத்தான் அடிக்கும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து, பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கில் போய் நின்ற கதையிலிருந்துதான் இந்த நச்சே உலகத்துக்குத் தெரிய வந்தது. தீவனத்தை நீராவியில் அவித்துக் குருணையாக்கினாலும் அது போகாது. பைண்டர் என்று விற்கும், நச்சை ஒட்டிப் பிடிக்கும் களிமண் பொடி, பென்டோனைட் வகை, அஃப்லாடாக்சினை நன்றாகவே பிடிக்கும். வாந்தி எடுக்க வைக்கும் நச்சையும், தாய்ப்பன்றியின் சினையைக் குழப்பும் நச்சையும் அது சரியாகப் பிடிக்காது. "பைண்டர் போட்டாச்சு, இனி எந்தச் சோளமும் ஓகே" என்பது தவறான கணக்கு. தீவனம் சேமிக்கும் சைலோவின் அடியிலும் மிக்சரின் மூலையிலும் கட்டி பிடித்திருப்பதைச் சுரண்டுவதற்குப் பைசா செலவில்லை, ஆனால் அதை யாரும் செய்வதில்லை.

ஈரலில் கொழுப்பு சேராமல் இருக்கக் கோலின் குளோரைடு வாங்குவோருக்கு ஒரு வார்த்தை: அதைப் பிரிமிக்ஸ் பையிலேயே கொட்டிக் கலந்து வைக்காதீர்கள். காற்றின் ஈரத்தை இழுத்து நசநசவென்று ஆகி, கூட இருக்கும் விட்டமின்களை அழித்துவிடும். தனியே வைத்து, மிக்சரில் தனியே போடுங்கள்.

இதைவிட ஆபத்தானது மருந்தோடு மருந்து மோதுவது. இருமலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் கொடுக்கும் டியாமுலின், ஈரலின் நச்சுமுறிக்கும் வேலையைத் தடுத்துவிடும். அந்த நேரத்தில் தீவனத்தில் சாலினோமைசினோ மோனென்சினோ இருந்தால் அது உடம்பிலேயே தங்கி, தசை செத்து, பன்றி எழுந்து நிற்க முடியாமல் கிடக்கும். கோழித் தீவனத்தில் இந்த மருந்துகள் சாதாரணம். ஒரே லாரியில் வந்த பை மாறிப் போனாலும் போதும்.

கீழாநெல்லி கேட்பீர்கள் என்று தெரியும். மண்டோர் அண்ணன் மஞ்சள்காமாலைக்கு அதைக் குடித்தவர், பன்றிக்கும் அவித்து ஊற்றினார். நான் தடுக்கவில்லை. ஆனால் காமாலைக்குக் காரணம் தாமிரமா, நச்சா, கிருமியா என்று பார்க்காமல் பச்சிலை அவித்துக்கொண்டிருந்தால் நாள் போய்விடும்.

செத்த அன்றைக்கே, முடிந்தால் ஓரிரு மணி நேரத்துக்குள், ஈரலில் அரை அங்குலத்துக்கும் மெல்லிய துண்டு ஒன்றை, கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் போடுங்கள். இதை உறைய வைக்கக் கூடாது. இன்னொரு துண்டைச் சுத்தமான பையில் போட்டு ஐஸ் பெட்டியில் வையுங்கள். செலினியமும் தாமிரமும் அளக்க அதுதான் வேண்டும். கூடவே அரைக் கிலோ தீவனம், போட்ட எல்லா மருந்தின் லேபிளும். இவற்றைக் கால்நடை சேவைத் துறையின் ஆய்வுக்கூடத்தில் ஒப்படையுங்கள். லேபிளை மறக்காதீர்கள், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான், நாம் எரித்துவிட்டோம் என்று சொல்வதும் அதைத்தான்.