லங்காஷயர் மில் நகரப் படங்கள்: தேதியை எப்படிக் கண்டுபிடிப்பது

வடமேற்கு இங்கிலாந்தின் பருத்தி மில் பகுதியான லங்காஷயரின் பழைய புகைப்படங்கள் இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கின்றன. நம்பத்தக்க தேதியோடு கிடைப்பவை குறைவு. படத்தின் கீழே யாரோ எழுதிய குறிப்பைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் படத்துக்குள் இரண்டு எல்லைகளைத் தேட வேண்டும். அதில் தெரியும் பொருள்களில் ஆகக் கடைசியாகப் புழக்கத்துக்கு வந்தது எது? ஆக முதலில் மறைந்துபோனது எது? முன்னது 'இதற்கு முன் எடுத்திருக்க முடியாது' என்று சொல்லும். பின்னது 'இதற்குப் பின் எடுத்திருக்க முடியாது' என்று சொல்லும். இந்த இரண்டையும் நெருக்கிக்கொண்டே போவதுதான் வேலை.

முதலில் பின்பக்கம்

அசல் கையில் இருந்தால் திருப்பிப் பாருங்கள். சுமார் 64 × 100 மி.மீ. அட்டையில் ஒட்டிய சிறு படம் என்றால் 1860-களில் பரவிய விசிட்டிங் கார்டு வகை. சுமார் 108 × 165 மி.மீ. என்றால் 1866-க்குப் பின் வந்த கேபினட் அட்டை.

தபால் அட்டையானால் இன்னும் எளிது. பின்பக்கத்தை நடுக்கோடு இரண்டாகப் பிரித்தால் அது 1902-லோ அதற்குப் பின்போ அச்சானது. அதுவரை பின்பக்கம் முழுக்க முகவரிக்கு மட்டும்தான். உள்நாட்டு அட்டைக்கு அரை பென்னி கட்டணம் 1918 ஜூன் தொடக்கத்தோடு முடிந்து ஒரு பென்னியானது. ஆனால் தபால் முத்திரை சொல்வது 'இதற்குப் பின் இல்லை' என்பதை மட்டுமே. ஒரே தெருக் காட்சியைப் பதிப்பாளர்கள் பல ஆண்டுகள் விற்றுக்கொண்டிருந்தார்கள். பலரும் சறுக்குவது இங்கேதான்.

ஸ்கேன்

லென்ஸ் வைத்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சகப் பிரதி. எவ்வளவு பெரிதாக்கினாலும் புதிதாக எதுவும் கிடைக்காது, 600 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற ஸ்கேன் அளவு) போதும். புள்ளி இல்லாத அசல் புகைப்பட அட்டைக்கும் சிறு படங்களுக்கும் 1200 வையுங்கள். டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். ஜேபெக் சுருக்கத்தில் முதலில் சிதைவது கடைப் பலகையின் சிறு எழுத்துகள்தான், நமக்கு வேண்டியதும் அவைதான். கண்ணாடி நெகட்டிவ் என்றால் விளிம்பை மட்டும் பிடியுங்கள். பளபளப்பில்லாத பக்கம்தான் படம் பதிந்த படலம். அதில் ஈரத்துணி படவே கூடாது.

நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்ட படங்களும் உண்டு. எழுத்து எதுவும் இல்லாவிட்டால் ஆண்களின் கோட்டைப் பாருங்கள்: அணிந்தவரின் இடப்பக்கத் துணி மேலே வர வேண்டும். நிழலும் உதவும். நம் ஊரைப் போல் அங்கே சூரியன் உச்சி தாண்டி வடக்கே போவதில்லை. நண்பகல் நிழல் ஆண்டு முழுவதும் வடக்கு நோக்கியே விழும்.

தெருவில் தேட வேண்டியவை

வாகனப் பதிவெண் கட்டாயமானது 1904 ஜனவரி 1 முதல். எழுத்து ஊரையும் காட்டிக்கொடுக்கும்: பி என்றால் லங்காஷயர் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி), பி.என். போல்டன், பி.யு. ஓல்டம், சி.கே. பிரெஸ்டன், சி.டபிள்யூ. பர்ன்லி. ஆனால் வண்டி ஓடக்கூடியது. எழுத்தை மட்டும் நம்பி ஊரை முடிவு செய்ய வேண்டாம். நடைபாதை விளிம்பிலும் விளக்குக் கம்பத்திலும் வெள்ளைப் பட்டை இருந்தால் இரண்டாம் உலகப் போர்க்கால இருட்டடிப்பு நினைவுக்கு வர வேண்டும். கூரைமேல் டிவி ஆன்டெனா இருந்தால் பெரும்பாலும் 1951 அக்டோபருக்குப் பின்; வடக்கு இங்கிலாந்துக்கான ஹோம் மாஸ் டிவி ஒளிபரப்பு நிலையம் அப்போதுதான் தொடங்கியது.

புகையே இல்லாத மில் நகரக் காட்சி கிடைத்தால் காற்று சுத்தமாக இருந்தது என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு ஊருக்கும் கோடையில் 'வேக்ஸ்' என்ற விடுமுறை வாரம் உண்டு. மில்கள் மொத்தமாக மூடியிருக்கும். ஊர் முழுக்கத் தெளிவாகத் தெரியும் நாள் அது என்பதால் கேமராவோடு குன்றேறியவர்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமையோ வேலைநிறுத்தமோகூட இருக்கலாம். சுவர்களின் கருமைக்கும் புகை மட்டும் காரணமல்ல. பழைய கண்ணாடி நெகட்டிவ் பிளேட்டுகளுக்குச் சிவப்பு ஒளி தெரியாது, செங்கல் உள்ளதைவிடக் கறுப்பாகப் பதியும்.

மில்லுக்குள்

தறியைப் பார்த்துத் தேதி சொல்ல முயலாதீர்கள். லங்காஷயர் தறி 1840-களில் பிளாக்பர்னில் உருவானது. பர்ன்லி அருகே குவீன் ஸ்ட்ரீட் மில்லில் அதே வகைத் தறிகள் 1982 வரை நீராவியில் ஓடின. தறியை விட்டுவிட்டுக் கூரையைப் பாருங்கள்: எரிவாயு விளக்கா, மின்குமிழா, ட்யூப் லைட்டா? ட்யூப் லைட் என்றால் 1940-களுக்கு முன் போக வேண்டியதில்லை.

மேலே சுழலும் ஷாஃப்டிலிருந்து தறிக்கு இறங்கும் தோல் பெல்ட்டையும் கவனியுங்கள். ஆட்கள் தெளிவாக இருந்து பெல்ட் கலங்கியிருந்தால் தறி ஓடிக்கொண்டிருந்தது. பெல்ட்டின் தையல்கூடத் தெரிகிறது என்றால் பெரும்பாலும் படத்துக்காக நிறுத்தியிருக்கிறார்கள். அப்படியானால் அங்கே நிற்பவர்கள் எல்லோரும் அந்தத் தறியில் வேலை செய்பவர்கள்தானா என்பதும் சந்தேகம்.

ஆண்களும் சிறுவர்களும் வெறுங்காலோடு நின்றால் மியூல் (முன்னும் பின்னும் நகரும் நூற்பு இயந்திரம்) நூற்புக்கூடமா என்று பாருங்கள். எண்ணெய் ஊறிய மரத்தரையில் காலணி வழுக்கும். சிறுவர் வேலைக்கு 1901 சட்டம் 12 வயது வரம்பு வைத்தது. அரை நாள் பள்ளி, அரை நாள் மில் என்ற ஏற்பாட்டை 1918 கல்விச் சட்டம் ஒழிக்க முடிவெடுத்தது. நடைமுறைக்கு வர 1921 ஆனது. இதை வைத்து எல்லை போடும்போது முகத்தைப் பார்த்து வயதைச் சொல்லாதீர்கள். ஊட்டமில்லாத 13 வயதுப் பையன் 9 வயதுபோலத் தெரிவான்.

உடை

தேதி தெரிந்த படங்களை அருகில் வைத்து ஒப்பிடுவதே நல்ல வழி. 1931 செப்டம்பரில் டார்வெனில் காந்தியைச் சூழ்ந்து கையுயர்த்தி ஆரவாரிக்கும் மில் பெண்களின் படம் அதற்குக் கைகொடுக்கும். 1900-ஐ ஒட்டிய மில் வாசல் படங்களில் தலைமேல் சால்வை. டார்வென் படத்தில் குட்டையாக வெட்டிய முடி. ஸ்டூடியோ படத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். விகன் நிலக்கரிச் சுரங்கப் பெண்கள் மண்வெட்டியும் சல்லடையுமாக நிற்கும் 19-ஆம் நூற்றாண்டுப் படங்கள் பல ஸ்டூடியோவில் எடுத்தவை. 1842 சட்டப்படி பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்க முடியாது. இவர்கள் மேலே கரி சலித்தவர்கள்.

வரைபடம், பெயரேடு

கடைப் பெயர் படிக்க முடிந்தால் ஸ்லேட்டர், கெல்லி வணிகப் பெயரேடுகளில் தேடுங்கள். லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் இணையத் தொகுப்பில் பல இலவசம். தகவல் அச்சாண்டுக்குச் சற்று முந்தையது என்பதை மறக்க வேண்டாம். பிரிட்டனின் அரசு நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:2500 வரைபடங்களை ஸ்காட்லாந்து தேசிய நூலகத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். புகைபோக்கிகளின் எண்ணிக்கையையும் வரிசையையும் வரைபடத்தோடு பொருத்தினால் கேமரா நின்ற இடம் வரை பிடிபடும். இங்கேயும் அச்சிட்ட ஆண்டை விட்டுவிட்டு அளவெடுத்த ஆண்டையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பிட வேறு படங்கள் வேண்டுமென்றால் 1974 ஏப்ரல் 1 எல்லை மாற்றத்தை மனதில் வையுங்கள். மான்செஸ்டர், போல்டன், ஓல்டம், விகன் எல்லாம் அன்று கிரேட்டர் மான்செஸ்டருக்குப் போயின. அவற்றின் படங்களை அந்தந்த நகரத் தொகுப்பில் தேட வேண்டும். இன்றைய லங்காஷயருக்கு கவுண்டியின் ரெட் ரோஸ் கலெக்ஷன்ஸ் தளமும் பிரெஸ்டன் ஆவணக்காப்பகமும் உள்ளன. வெளியிடும் முன் உரிமையையும் பாருங்கள். எடுத்தவர் தெரிந்தால், பிரிட்டனில் பொதுவாக அவர் இறந்த ஆண்டு முடிந்து 70 ஆண்டுகள் வரை காப்புரிமை உண்டு. அது காலாவதியாகியிருந்தாலும், காப்பகம் தரும் ஸ்கேனுக்குத் தனி நிபந்தனை இருக்கலாம், கேட்டுவிட்டுப் போடுங்கள்.