இடைக்கால ஜெர்மன் பிரபு குடும்பம் ஒன்றின் கொடிவழியை வரைவது எப்படி? வெல்ஃப் குடும்பத்தை முன்வைத்து ஒரு வழிகாட்டி

கொடிவழிப் படம் ஒன்றில் பெயர்கள் கட்டங்களுக்குள் இருக்கும். அந்தக் கட்டங்களைக் கோடுகள் இணைக்கும். இடைக்கால ஜெர்மனியின் பிரபு குடும்பங்களைப் பொறுத்தவரை பெயர்களுக்குச் சான்று தாராளமாகக் கிடைக்கும். இன்னாருக்கு இன்னார் பிள்ளை என்று காட்டும் கோடுகளுக்குத்தான் சான்று அரிது. ஆகவே ஒவ்வொரு கோட்டையும் தனித்தனியே நிறுவ வேண்டிய வழக்காகக் கருதி வேலை செய்வதே முறை. இதைக் கற்றுக்கொள்ள வெல்ஃப் குடும்பம் மிகப் பொருத்தமானது. கரோலிங்கியர் என்ற பிராங்க் அரச மரபின் காலத்தில் தொடங்கி, பவேரியாவையும் சாக்சனியையும் ஆண்டு, பிற்காலத்தில் பிரிட்டிஷ் அரியணை வரை சென்ற இக்குடும்பத்தின் ஆவணங்களில், இத்துறையில் எதிர்ப்படக்கூடிய சிக்கல்கள் ஏறக்குறைய எல்லாமே அடங்கியுள்ளன.

எங்கிருந்து தொடங்குவது

ஆதி முன்னோரிலிருந்து கீழ்நோக்கி இறங்கி வர ஆசைப்படக் கூடாது. அப்படி வருபவர், இடையில் பெயர் ஒத்த எவரையாவது மகனாக்கிக்கொண்டு மேலே நடந்துவிடுவார். ஐயத்துக்கு இடமில்லாத ஒரு நிகழ்வைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கிச் செல்ல வேண்டும். வெல்ஃப் குடும்பத்துக்கு அத்தகைய நிகழ்வு, 1235 ஆகஸ்டில் மைன்ஸ் நகரில் கூடிய அரசவையில், ‘குழந்தை’ என்று அழைக்கப்பட்ட ஓட்டோவைப் பேரரசர் இரண்டாம் ஃபிரெட்ரிக் பிரவுன்ஷ்வைக்-லூனெபுர்க் டியூக்காக உயர்த்தியது.

ஓட்டோவின் தந்தை 1213இல் இறந்த வில்ஹெல்ம். அவருடைய தந்தை ‘சிங்கம்’ ஹைன்ரிக். தாய் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றியின் மகள் மடில்டா. சிங்கம் ஹைன்ரிக்கின் தந்தை ‘செருக்கர்’ ஹைன்ரிக். அவருடைய தந்தை ‘கருப்பு’ ஹைன்ரிக். அவருடைய தந்தை நான்காம் வெல்ஃப். இதுவரை ஒவ்வொரு கோட்டுக்கும் அக்காலத்து ஆவணமோ அக்காலத்தவரின் எழுத்தோ துணை நிற்கிறது. நான்காம் வெல்ஃபுக்கு மேலே போகும்போது பாதை ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலிக்குத் திரும்புகிறது. அதைப் பின்னர் பார்ப்போம்.

ஆதாரங்களைத் தரம் பிரித்தல்

முதல் தரம் சாசனங்களுக்கு. நிலக்கொடை, உரிமை வழங்கல், மடாலயத்துக்கான அறக்கட்டளை ஆகியவற்றில், கொடுப்பவர் தன் பெற்றோரின் ஆன்ம நலனுக்காகக் கொடுப்பதாகக் கூறி அவர்களின் பெயரையும் சொல்வதுண்டு. அந்த ஒரு வரி ஓர் உறவை நிறுவப் போதும். 1819இல் தொடங்கப்பட்ட மோனுமென்டா கெர்மானியே ஹிஸ்டோரிக்கா என்ற பெரும் பதிப்புத் தொடர் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சிங்கம் ஹைன்ரிக்கின் சாசனங்களைக் கார்ல் யோர்டான் பதிப்பித்த தொகுதியும் அதில் அடங்கும். ஒரு மன்னர் எந்த நாளில் எங்கே இருந்தார், அவரோடு யார் இருந்தனர் என்று அறிய ரெகெஸ்டா இம்பெரியி என்ற ஆவணச் சுருக்கத் தொடரைப் பார்க்க வேண்டும். சாட்சிகளின் பட்டியலை யாரும் கடந்து போய்விடக் கூடாது. முதலில் திருச்சபையினர், பிறகு பிரபுக்கள், கடைசியில் மினிஸ்டீரியால்கள் எனப்பட்ட, சட்டப்படி சுதந்திரமற்ற சேவகப் போர்வீரர்கள் என்ற வரிசை பெரும்பாலும் பின்பற்றப்பட்டது. கோட்டையின் பெயரைச் சூடிக்கொண்ட ஒருவர் அந்தக் கோட்டைக்கு உரிய பிரபுவா, அவருடைய மினிஸ்டீரியாலா என்பதைப் பல நேரங்களில் இந்த வரிசைதான் காட்டிக்கொடுக்கிறது.

அடுத்தவை மடாலயங்களின் இறப்பு நாள் பதிவேடுகளும், யாருக்காக மன்றாட வேண்டும் என்று பெயர்களைத் தொகுத்த நினைவேடுகளும். ஒன்பதாம் நூற்றாண்டில் தொடங்கப்பட்ட ரைஷனாவ் மடாலயத்து நினைவேட்டில் உறவினர்களின் பெயர்கள் கூட்டம் கூட்டமாகக் காணப்படுகின்றன. உறவு இருந்தது என்பதை அவை உணர்த்தும். என்ன உறவு என்று சொல்லமாட்டா.

மூன்றாவது, குடும்பமே எழுதிக்கொண்ட அல்லது குடும்பத்துக்காக எழுதப்பட்ட வரலாறுகள். வெல்ஃப் குடும்பத்துக்கு 1125ஐ ஒட்டி எழுதப்பட்ட கெனெயாலோகியா வெல்ஃபோரும் என்ற சிறு நூலும், 1170ஐ ஒட்டி எழுதப்பட்ட ஹிஸ்டோரியா வெல்ஃபோரும் என்ற பெருநூலும் உள்ளன. ஜெர்மன் பிரபு குடும்பம் ஒன்றுக்கு இவ்வளவு முன்னதாகவே தனி வரலாறு எழுதப்பட்டிருப்பது அபூர்வம். எழுதியவருக்கு நேரடியாகத் தெரிந்த இரண்டு மூன்று தலைமுறைகள் வரை இவற்றை நம்பலாம். அதற்கு மேலே போனால் பொன்வண்டி ஹைன்ரிக்கின் கதைதான் கிடைக்கும். பேரரசரிடம் பணிந்து நிலம் பெற்ற மகன் ஹைன்ரிக்கை மன்னிக்காமல் எட்டிகோ என்ற தந்தை துறவியைப் போல மலைக்காட்டுக்குப் போய்விட்டார் என்ற பகுதி, பன்னிரண்டாம் நூற்றாண்டு வெல்ஃப் குடும்பத்தின் தன்மானத்தைப் பற்றி எவ்வளவு சொல்கிறதோ, அவ்வளவு பத்தாம் நூற்றாண்டு உறவுமுறையைப் பற்றிச் சொல்வதில்லை.

எந்த ஆதாரமானாலும் அது யாருக்காக, எப்போது உருவானது என்று கேட்டாக வேண்டும். வைன்கார்ட்டன் மடாலயத்தில் தோன்றி இன்று ஃபுல்டா நகர நூலகத்தில் உள்ள கையெழுத்துப் படி ஒன்றில், வெல்ஃப் குடும்பத்தின் மரம் வண்ண ஓவியமாக இருக்கிறது. அது 1180களின் பிற்பகுதியைச் சேர்ந்தது. ஒரே மகன் 1167இல் இறந்துவிட, கருப்பு ஹைன்ரிக்கின் இளைய மகனான ஆறாம் வெல்ஃப், தென்மேற்கு ஜெர்மனியின் சுவேபியாவில் தனக்கிருந்த உடைமைகளின் வாரிசுரிமையைப் பேரரசர் ஃபிரெட்ரிக் பார்பரோசாவுக்கு அதற்கு முன்னரே விற்றிருந்தார். அதே படியில் பார்பரோசா தன் இரு மகன்களோடு அமர்ந்திருக்கும் ஓவியமும் இருப்பதைத் தற்செயல் என்று எடுத்துக்கொள்வது கடினம்.

இன்றைய தொகுப்புகளில் யூரோப்பேயிஷ ஷ்டாம்டாஃபெல்ன் என்ற ஐரோப்பியக் கொடிவழி அட்டவணைத் தொடர் பரவலாகப் பயன்படுகிறது. எங்கே தேட வேண்டும் என்று காட்டும் கைகாட்டியாக மட்டும் அதைக் கொள்க. 1530இல் கியோர்க் ரூக்ஸ்னர் வெளியிட்ட போர்விளையாட்டு நூலைச் சான்றாகக் காட்டும் கொடிவழியைக் கண்டால் அந்தப் பகுதியையே நீக்கிவிடலாம். பத்தாம் நூற்றாண்டிலேயே பெரும் போர்விளையாட்டுகள் நடந்தனவாகவும், அவற்றில் இன்னின்ன குடும்பத்தார் கலந்துகொண்டதாகவும் அவர் தரும் பட்டியல்கள் கற்பனை. பிற்காலப் பிரபு குடும்பங்கள் பல தங்கள் தொன்மைக்கு அவற்றை ஆசையோடு எடுத்துக்கொண்டன.

பெயர், எண், உறவுச் சொல்

குடும்பத்தில் தலைமுறைதோறும் திரும்ப வரும் பெயரை ஜெர்மன் ஆய்வாளர்கள் முதன்மைப் பெயராகக் கொள்வர். வெல்ஃப், ஹைன்ரிக், ருடோல்ஃப், கொன்ராட் ஆகியவை இக்குடும்பத்துக்கு உரியவை. ஹைன்ரிக் போன்ற பெயர் நாடெங்கும் வழங்கியது. வெல்ஃப் என்பதோ அரிதானது. அரிய பெயர் திரும்ப வந்தால் உறவை ஊகிக்கலாம். ஆனால் ஊகத்தை ஊகமென்றே குறிக்க வேண்டும். பேரரசர் பக்திமான் லூயி 819இல் மணந்த யூடித்தின் தந்தை வெல்ஃப் என்ற கவுன்ட். பதினோராம் நூற்றாண்டின் சுவேபிய வெல்ஃப்களுக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு என்பதை ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்கின்றனர். ஆனால் இடைப்பட்ட தலைமுறைகளுக்குப் புள்ளிக்கோடுதான் போட முடியும்.

எண்கள் தொல்லை தருபவை, பிற்காலத்தவர் இட்டவை. குடும்ப வரிசையில் நான்காம் வெல்ஃப் எனப்படுபவர் பவேரிய டியூக்குகளின் வரிசையில் முதலாம் வெல்ஃப். கருப்பு, செருக்கர், சிங்கம் ஆகிய மூன்று ஹைன்ரிக்குகளும் பவேரிய வரிசையில் முறையே 9, 10, 12 ஆம் ஹைன்ரிக்குகள். இடையிலுள்ள 11 ஆமவர் வேறு குடும்பத்தவர். ஆகவே ஒவ்வொருவருக்கும் நீங்களே ஓர் அடையாள எண் கொடுத்து, இறந்த ஆண்டையும் அதோடு சேர்த்து எழுதிவிடுவது நல்லது.

குடும்பப் பெயர் என்று இன்று நாம் எண்ணுவது அப்போது உறுதிப்பட்டிருக்கவில்லை. கோட்டை மாறினால் பெயரும் மாறும். ஷையர்ன் கவுன்ட்டுகளாக இருந்தவர்கள் பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விட்டெல்ஸ்பாக் கோட்டையின் பெயரை ஏற்றனர். இரண்டையும் இரு குடும்பங்களாக எண்ணிவிட்டால் ஒரே மனிதர் படத்தில் இருமுறை தோன்றுவார். குலச்சின்னங்கள் பன்னிரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் வழக்கத்துக்கு வருகின்றன. அதற்கு முந்தைய முன்னோருக்குச் சின்னம் வரைந்திருக்கும் படம் பிற்காலக் கற்பனை.

இலத்தீன் உறவுச் சொற்களை மூலத்திலேயே படித்துவிடுங்கள். தாய்மாமனுக்கு அவுன்குலுஸ் என்றும், தந்தையின் சகோதரருக்குப் பட்ரூஸ் என்றும் இலத்தீனில் தனித்தனிச் சொற்கள் உண்டு. ஆங்கில மொழிபெயர்ப்பில் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆறாம் வெல்ஃப் பார்பரோசாவுக்குத் தாய்மாமன் என்ற செய்தி, அந்தக் கால அரசியலையே விளக்கும் அளவுக்கு முக்கியமானது. நெபோஸ் என்ற சொல் பேரனையும் குறிக்கும், உடன்பிறந்தார் மகனையும் குறிக்கும். வேறு சான்று கிடைக்கும்வரை அதை வைத்துக் கோடு போட வேண்டாம்.

நாளும் ஆண்டும்

இறப்பு நாள் பதிவேடுகள் நாளைத் தரும். ஆண்டைத் தருவது குறைவு, ஏனெனில் ஆண்டுதோறும் எந்த நாளில் திருப்பலி நடத்துவது என்பதே துறவிகளின் தேவை. ஆண்டை ஆண்டுக்குறிப்பு நூல்களிலிருந்து எடுத்து இதோடு பொருத்த வேண்டும். கருப்பு ஹைன்ரிக் 1126 டிசம்பர் 13 அன்று இறந்தார். மனைவி வுல்ஃப்ஹில்ட் டிசம்பர் 29 அன்று அவரைப் பின்தொடர்ந்தார். ரோமானிய முறையில் டிசம்பர் 29 என்பது ஜனவரி காலெண்ட்ஸுக்கு, அதாவது ஜனவரி முதல் நாளுக்கு, அந்த நாளையும் சேர்த்து எண்ணினால் முந்தைய நான்காம் நாள். ஜனவரி என்ற சொல்லைப் பார்த்த அவசரத்தில் ஒரு மாதம் தள்ளிப் போட்டுவிடலாம். அதோடு, கிறிஸ்துமஸ் அன்றே புத்தாண்டைத் தொடங்கும் வழக்கமுள்ள எழுத்தர் அதே நாளை 1127 என்று எழுதுவார். இரண்டு நூல்கள் ஓராண்டு வேறுபட்டால், ஒன்றைப் பிழை என்று தள்ளுவதற்கு முன் அவற்றின் ஆண்டுத் தொடக்கத்தைப் பாருங்கள்.

பிறந்த நாள் பெரும்பாலும் கிடைக்காது. எல்லைகளைத்தான் வகுக்க முடியும். சிங்கம் ஹைன்ரிக்கின் பெற்றோர் 1127இல் மணந்தனர். தந்தை 1139இல் இறந்தார். பிறப்பு இவற்றுக்கு இடையில் என்பது உறுதி. அதற்குள் 1129/30 என்பது நெடுநாள் வழங்கிய கணக்கு. 1133க்கும் 1135க்கும் இடைப்பட்டது என்பது பிற்கால ஆய்வின் வாதம். படத்தில் இரண்டையும் எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெண்களின் வழியைத் தொடராமல் எதுவும் விளங்காது

தந்தை, மகன், பேரன் என்று மட்டும் வரைந்த வெல்ஃப் படம் 1055இல் முடிந்துவிடும். அந்த ஆண்டு கரிந்தியாவின் டியூக் மூன்றாம் வெல்ஃப் மணமாகாமலே இறந்தார். உடைமைகளைக் குடும்பத்தின் ஆல்ட்டோர்ஃப் மடாலயத்துக்கு எழுதி வைத்திருந்தார். அவருடைய தாய் இமிட்சா அதை ஏற்கவில்லை. தன் மகள் குனிட்சாவை இத்தாலியில் மார்கிரேவ் (எல்லைப் பகுதிப் பிரபு) இரண்டாம் அல்பெர்ட்டோ அட்சோவுக்கு மணமுடித்துக் கொடுத்திருந்தார். அவர்களின் மகனான வெல்ஃபை வடக்கே வரவழைத்து, உடைமைகளை அவர் கையில் சேர்த்தார். 1070இல் பவேரிய டியூக்கான நான்காம் வெல்ஃப் இவர்தான். தந்தைவழியில் பார்த்தால் அவர் எஸ்தே குடும்பத்தவர். பெயரும் நிலமும் தாய்வழியில் வந்தவை. ஆகவே பழைய வெல்ஃப், இளைய வெல்ஃப் என்று இரு கிளைகளைப் பிரித்துக் காட்டுவதே முறை.

இந்த உறவை உறுதிப்படுத்துவதற்கு ஒரு பெரிய அறிஞரே பல ஆண்டுகள் அலைந்திருக்கிறார். ஹனோவரை ஆண்ட வெல்ஃப் டியூக் குடும்பம் தன் வரலாற்றை எழுதும் பொறுப்பை 1685இல் தத்துவ அறிஞர் லைப்னிட்ஸிடம் ஒப்படைத்தது. அவர் தென் ஜெர்மனியிலும் இத்தாலியிலும் ஆவணக் காப்பகங்களைத் தேடிச் சென்று, 1690இல் வங்காதிட்சா மடாலயத்தில் பழைய எஸ்தே குடும்பத்தாரின் கல்லறைகளைக் கண்டு, இரு குடும்பங்களின் தொடர்பை நிறுவினார். வாய்வழிப் பெருமையாக இருந்த ஒன்றைக் கல்லறையாலும் ஏட்டாலும் சோதித்த அவருடைய முறையைத்தான் இன்றைக்கும் பின்பற்ற வேண்டியிருக்கிறது. ஆனால் அவர் எழுதத் தொடங்கிய வரலாறு 1716இல் அவர் இறக்கும்போதும் முடியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இளைய கிளையிலும் இதே கதை தொடர்கிறது. கருப்பு ஹைன்ரிக்கின் மனைவி வுல்ஃப்ஹில்ட், 1106இல் ஆண்வாரிசின்றி முடிந்த பில்லுங் குடும்பத்தின் மகள். லூனெபுர்க் நிலங்கள் அவர் வழியாக வந்தன. அவருடைய சகோதரி ஐலிகாவின் மகன் ‘கரடி’ ஆல்ப்ரெக்ட். சாக்சனிக்காக வெல்ஃப் குடும்பமும் ஆல்ப்ரெக்ட்டின் குடும்பமும் மோதியதன் வேர் இந்த இரு சகோதரிகளிடம் இருக்கிறது. செருக்கர் ஹைன்ரிக் மணந்த கெர்ட்ரூட், பேரரசர் மூன்றாம் லோத்தாரின் ஒரே மகள். பிரவுன்ஷ்வைக் அவர் வழியாக வந்தது. ஆகவே ஒவ்வொரு மனைவிக்கும் தனிக் கட்டம் கொடுத்து, அவருடைய பெற்றோரையும், அவர் கொண்டுவந்த நிலத்தையும், வேறு திருமணங்கள் இருந்தால் அவற்றையும் எழுத வேண்டும்.

மணமுறிவுகள் நமக்கு எதிர்பாராத சான்றுகளைத் தருகின்றன. 1215 வரை ஏழாம் தலைமுறை உறவுவரை மணம் தடைசெய்யப்பட்டிருந்ததால், மணத்தை முறிக்க விரும்பிய பிரபுக்கள் உறவைத் தேடிக் கண்டுபிடித்தனர். 1153இல் பார்பரோசா தன் முதல் மனைவி அடேலாவைப் பிரிந்தபோது தயாரிக்கப்பட்ட உறவுப் பட்டியல், மடாதிபதி விபால்டின் கடிதத் தொகுப்பில் தப்பிப் பிழைத்திருக்கிறது; பார்பரோசாவின் ஷ்டவுஃபென் குடும்பத்தின் தொடக்கத் தலைமுறைகளை அறிய அதுவே முதன்மைச் சான்று. சிங்கம் ஹைன்ரிக்கும் தன் முதல் மனைவி கிளெமென்ட்சியாவை 1162இல் இதே காரணம் காட்டித்தான் பிரிந்தார். நோக்கம் அரசியலாக இருந்தாலும், எதிர்த்தரப்பு மறுக்க இயலாத உறவைத்தான் காட்ட முடியும் என்பதால் இத்தகைய பட்டியல்களுக்கு மதிப்பு அதிகம்.

படத்தை வரைதல்

சாசனத்தாலோ சமகாலக் கூற்றாலோ நிறுவப்பட்ட உறவுக்கு முழுக்கோடு. பெயர், நிலவுரிமை, நினைவேடு ஆகியவற்றால் ஊகித்ததற்குப் புள்ளிக்கோடு. குடும்பக் கதை மட்டுமே சொல்வதைப் படத்துக்கு வெளியே குறிப்பாக எழுதுக. கோட்டின் மீதே சிறு எண்ணிட்டு, எந்த ஆவணம், எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம் என்று தனித்தாளில் எழுதி வைத்தால் பின்னால் திருத்துவது எளிது. கணினி மென்பொருளைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பல மென்பொருள்களில் ஊக உறவும் உறுதியான உறவும் ஒரே கோடாகிவிடும், அவற்றிலிருந்து இணையத்துக்குப் போகும் படங்கள் நகலெடுக்கப்பட்டு, சில ஆண்டுகளில் ஊகமே சான்றாக மேற்கோள் காட்டப்படும். ஆகவே ஐயத்தைப் பெயரின் பக்கத்திலேயே சொல்லால் எழுதிவிடுங்கள்.

1235க்குப் பின் வேலையின் தன்மை மாறுகிறது. ஓட்டோவின் மகன்கள் ஆல்ப்ரெக்ட்டும் யோஹானும் 1260களின் இறுதியில் நாட்டைப் பங்கிட்டுக்கொண்டனர். அதன்பின் பாகப்பிரிவினை ஆவணங்களே உறவுகளைத் தெளிவாகச் சொல்லிவிடும். அங்கே உறவை நிறுவுவதைவிட, ஓட்டோ, ஹைன்ரிக், எர்ன்ஸ்ட், வில்ஹெல்ம் என்று திரும்பத் திரும்ப வரும் பெயர்களைக் கிளை மாறாமல் பிரித்து வைப்பதே பெரும்பாடு; எனவே கிளைக்கு ஒரு தாள் என்று புதிதாகத் தொடங்க வேண்டும்.